ஒற்றைத் தோடு

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். டிராம்பேயில் ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் கணக்கெழுதிப் பிழைத்தவன் ஐயா, கண்ணால் பார்க்காத எதையும் நம்பினதில்லை. ஆனால் கண்ணால் பார்த்துத் தொலைத்ததை என்ன செய்வது? சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள், வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானே முதலில் சிரித்திருப்பேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. மாதுங்காவில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் மணி அண்ணா குடியிருந்தார். பாலக்காட்டுக்காரர், இந்திப் படங்களுக்குப் பின்னணி இசை எழுதுகிறவர். பெரிய இசையமைப்பாளர்கள் பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், மிச்சமிருக்கிற அழுகை, சண்டை, மழை, பிரிவு அத்தனைக்கும் வாத்தியம் எழுதுவது இவர். டைட்டிலில் பேர் மட்டும் வராது. வருஷக்கணக்காக அப்படித்தான். மனுஷர் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை, எனக்குத்தான் வயிறு எரியும். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு அவருக்குத் தம்புரா மீட்டப் போவேன், அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கிடைத்ததே என்று.

கடைசியில் உல்லாஸ்நகர் ஜவுளி வியாபாரி ஒருவர், சிந்திக்காரர், எல்லோருக்கும் சேட், ஒரு படத்தின் முழு இசையையும் அண்ணாவிடம் கொடுத்தார். பேரும் போடுவதாகச் சொன்னார். அப்புறம் எவனோ அவர் காதில் ஓதிவிட்டான். கடைசி ரீலின் இசை இன்றைக்குள் சரியாக வரவில்லையென்றால் வேறொரு பிரபலத்தைக் கூப்பிடுவேன், டைட்டிலிலும் அவர் பேர்தான் என்று சேட் சொல்லிவிட்டார்.

அன்றைக்குச் செம்பூரில் ரெக்கார்டிங், பட்டப்பகல். எதிரே திரையில் சத்தமில்லாமல் படம் ஓடும். வாத்தியக்காரர்கள் திரைக்கு முதுகைக் காட்டி, அண்ணாவின் கையைப் பார்த்தபடி வாசிப்பார்கள். திரையைப் பார்ப்பது அண்ணாவும், அவர் காலடியில் தம்புராவோடு நானும், கண்ணாடி அறைக்குள் சேட்டும் வங்காளி டைரக்டரும்தான். காட்சி இதுதான்: கதாநாயகி முக்காடு போட்டுக்கொண்டு புகுந்த வீட்டை விட்டு ஒரேயடியாகப் போகிறாள். வயலின்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும், அப்படித்தான் எழுதியிருந்தார்.

வாசற்படி வரைக்கும் போனவள் நின்றாள். முக்காடு நழுவத் திரும்பி வீட்டை ஒரு பார்வை பார்த்தாள். அண்ணாவின் இடது கை சட்டென்று உயர்ந்தது, அத்தனை வாத்தியமும் நின்றது. என் தம்புரா மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் மறுபடி நடந்ததும் கையை இறக்கிப் புல்லாங்குழல்காரருக்கு மட்டும் சைகை காட்டினார், ஒற்றைப் புல்லாங்குழல் எழுந்தது.

கண்ணாடி அறையிலிருந்து சேட் பாய்ந்து வந்தார்.

"யே க்யா ஹை? நடுவுல ஏன் நிறுத்தின?"

"அவ திரும்பிப் பாத்தாளே, சேட்! அதுக்குத்தான் நிறுத்தினேன்."

"எங்க திரும்பினா? உனக்குக் கண் தெரியலையா?"

ரீலைத் திரும்ப ஓட்டினார்கள். நம்புங்கள், நம்பாமல் போங்கள், அந்தப் பெண் நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. முதுகைக் காட்டியபடி நேராகப் போய்விட்டாள். அண்ணாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "பஸ், போதும்" என்று சேட் கையை உதறினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நானும் பாத்தேன் சார்! திரும்பினா. ஒரு காதுல தோடு இல்லை!" என்று கத்திவிட்டேன்.

சேட்டுக்குப் பின்னால் வந்திருந்த டைரக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு ஷாட் எடுப்பதாகத்தான் இருந்ததாம். அன்றைக்கு அந்த நடிகையின் தோடு ஒன்று கழன்று விழுந்து, யூனிட்டே தேடித் தேடி வெளிச்சம் போய்விட்டதாம். அந்த ஷாட் எடுக்கவே இல்லையாம்.

பிறகு டைரக்டர்தான், பதிவான இசையைப் படத்தோடு சேர்த்து ஒரு தடவை போட்டுக் காட்டச் சொன்னார். வாத்தியங்கள் நின்ற அந்த இடத்தில் நான் திரையைப் பார்க்கவில்லை, சேட்டைத்தான் பார்த்தேன். பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்த மனுஷர். வேட்டியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். "மணிஜி பேரைப் பெரிசா போடுங்க" என்றார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கேட்டேன், "அண்ணா, அது என்ன அண்ணா?"

"திரும்பாம எப்படிடா போவா? அவ ஆமாச்சே, வாழ்ந்த வீடாச்சே" என்றார்.

படம் நன்றாக ஓடியது. அதற்கப்புறம் அண்ணாவுக்கு ஓய்வே இல்லை, எந்தப் படத்திலும் பேர் விட்டுப்போகவும் இல்லை. அந்த இசைக்கு இணையாக நான் இன்னொன்று கேட்டதில்லை.

ஸ்டூடியோவில் நடந்ததை நான் வீட்டில் மூச்சு விடவில்லை. படம் வெளியானதும் என் மனைவியை அழைத்துப் போனேன். அந்த இடம் வந்தபோது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தாளே, அப்பப்பா, என்ன பார்வைன்னா அது! ஆமா, ஒரு காதுல தோட்டையே காணுமே, ஏன்?"

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதே திரையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்? என் கண்ணுக்கு அந்தப் பெண் நேராகத்தான் நடந்து போனாள். அதன்பிறகு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். எனக்கு அவள் திரும்பவே இல்லை.