ஓட்டை இல்லாத கோட்டை

1. ஓடர்

செய்து முடித்த பொருளைக் கெடுத்துத் தரும்படி ஒருவர் என்னிடம் கேட்டது, இத்தனை வருடத் தொழிலில் அந்த ஒரே தடவைதான். கேட்டவர் கொழும்புக்காரர். வெகு மரியாதையாகத்தான் கேட்டார். அதனால்தான் எனக்குக் கோபம் கூடுதலாக வந்தது.

உப்புக்குளத்தில் எனக்குச் சீமெந்துப் பட்டறை இருக்கிறது. சுவரில் காற்றுக்கு வைக்கும் கிறில் கல், பூச்சாடி, கிணற்று வளையம் எல்லாம் மோல்டில் வார்ப்போம். நானும் ஸ்ரெல்லாவும்தான் ஆட்கள். நான் பள்ளிவாசல் பக்கம், அவள் மாதா கோயில் பக்கம். மாரி மழை தொடங்கினால் வீடு கட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள். எங்கள் பாடு திண்டாட்டம். அப்படியொரு மாரிக்கு முன்னால்தான் அவர் வந்தார். கடற்கரையில் கட்டும் ஹொட்டேலின் தோட்டத்துக்கு முழங்கால் உயரத்தில் சதுரங்கக் காய்கள் வேண்டுமாம். ஒரு பக்கம் பழைய மன்னார், மறுபக்கம் புதிய மன்னார்.

ஆசையோடு செய்தோம். பழைய பக்கத்து மூலைக் காய் கோட்டைக் கொத்தளம், அரசன் கடலோர வெளிச்சவீடு, சிப்பாய்கள் ஓட்டுக்கூரைக் கல்வீடுகள். புதிய பக்கத்து அரசன் ரெலிபோன் கோபுரம், அரசி காற்றாலை, சிப்பாய்கள் வீட்டுத்திட்ட வீடுகள். பள்ளிவாசலையும் கோயிலையும் காயாக்குவதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்தோம். எது எதை வெட்டினாலும் எங்களுக்குத்தான் தலையிடி. இடையில் ஒருநாள் பார்க்க வந்தவர் குதிரையைக் கண்டதும் நெற்றியைச் சுருக்கினார்.

"அம்மா, இது கழுதையெல்லோ?"

"ஓம் சேர். மன்னார் ரவுணில நீங்கள் குதிரையை எங்க கண்டனீங்கள்?"

சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன்.

2. ட்ரில்

தண்ணீர் ஊற்றி இறுகவைக்கும் கியூரிங் முடிந்து காய்களை முற்றத்தில் நிறுத்தியபிறகு மறுபடியும் வந்தார். சுற்றிச் சுற்றி நடந்தார்.

"புதுப் பக்கம் அருமை. பழைய பக்கமும் வடிவாத்தான் இருக்கு, அதுதான் பிரச்சினை. யுத்தம் நடந்த இடம் மாதிரித் தெரியேல்ல. கோட்டையிலயும் வீடுகளிலயும் வெடி பட்ட மாதிரிக் கொஞ்ச ஓட்டை போட்டு, மூலையளை உடைச்சு விடுங்கோ. வெளிநாட்டுச் சனத்துக்கு அதுதான் பிடிக்கும்."

ஸ்ரெல்லா என்னைக் கொட்டிலுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, சீமெந்துதானே. போட்டுக் குடுப்பம். மாரிக்கு என்னத்தைச் சாப்பிடுறது?"

அவள் சொன்னதில் பிழையில்லை. ஒரு கல்வீட்டைக் கொட்டிலுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, யன்னலுக்குப் பக்கத்தில் ட்ரில் முனையை வைத்தேன். சுவிச்சை அழுத்தவில்லை.

யுத்தத்தில் ஊரைவிட்டு விரட்டப்பட்டுப் போயிருந்த புத்தளத்து அகதி முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது, எங்கள் வீட்டில் அதே இடத்தில்தான் துவக்குச் சன்னம் துளைத்த ஓட்டைகள் இருந்தன. உள்ளே நின்றால் வீதி தெரியும். காலமான என் கணவர் மேசன். கூலி வேலை முடிந்து வந்து அவர் பூச, நான் சாந்து குழைத்துக் கொடுத்தேன். அந்த ஓட்டைகளை அடைத்துத்தான் இந்தத் தொழிலையே பழகினேன். அடைத்ததைத் திறக்கச் சொல்ல இவர் யார்?

ட்ரில்லை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன்.

"ஏலாது சேர்."

"ஏன் அம்மா, கஷ்டமான வேலையோ?"

"வேலை லேசு. நான் செய்யமாட்டன். ஓட்டையோட கிடந்தது நாங்கள் இல்லாத ஊர். நாங்கள் வந்து பூசினதுதான் எங்கட ஊர்."

"அப்ப ஓடரை நிப்பாட்ட வேண்டிவரும்."

"நிப்பாட்டுங்கோ."

அவர் கொத்தளத்தைத் தடவிப் பார்த்தார். "சரி, இப்பிடியே தாங்கோ. பேசின காசு முழுக்கத் தாறன். கொழும்பில வேற ஆளைப் பிடிச்சு ஓட்டை போடுறன்."

நான் வாய் திறக்க முதல் ஸ்ரெல்லா முந்திவிட்டாள். கொத்தளத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "தரமாட்டம்" என்றாள். மாரிக்கு என்னத்தைச் சாப்பிடுறது என்று கேட்ட அதே ஸ்ரெல்லா!

3. மாரி

அந்த மாரியில் பட்டினி கிடக்காத குறைதான். அவள் கருவாடு காயப்போடும் வாடிக்கு வேலைக்குப் போனாள். நான் மற்றவர்களின் முற்றங்களில் கல் பதித்தேன். அவள் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. நானும் வருந்தியதில்லை.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வளைவு கேட்டால் வளைவு செய்து கொடுங்கள், மொட்டைச் சுவர் கேட்டால் மொட்டைச் சுவர். காசு தருகிறவருக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறது. உங்கள் ஊர் எப்போதும் உடைந்தே இருக்கவேண்டும் என்று கேட்டால் மட்டும் முகத்தைப் பார்த்து ஏலாது என்று சொல்லுங்கள்.

காய்கள் இன்னும் பட்டறை வாசலில்தான் நிற்கின்றன. போன கிழமை லொறி ஒன்று பின்னுக்கு எடுக்கும்போது தட்டி, ஒரு கல்வீட்டின் மூலை உடைந்துவிட்டது. அன்றைக்கே பூசிவிட்டேன்.