காப்பு முடியும் வரை பொறு

எங்கள் உரும்பிராய்க் கோயிற் பதிகங்களை இணையத்தளத்திலிருந்து எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் அச்சுப் புத்தகப் பக்கங்களின் படங்களைப் போடுவதென்று பரிபாலன சபை பேசிய அன்று, எதிர்த்துக் கை உயர்த்தியவன் நான் ஒருவன்தான். அந்தப் பதிகங்களை எழுத்தெழுத்தாகத் தட்டித் தளத்தில் ஏற்றியவனும் நான்தான். ஆகவே என் கை, சொந்தப் பிள்ளைக்காகத் தூக்கிய கையாகவே மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பேச்சைத் தொடங்கியவர் செயலாளர். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், என்னிலும் எட்டு வயது இளையவர். தமது கைத்தொலைபேசியைத் தலைவரின் கண்முன் நீட்டினார்.

"பாருங்கோ ஐயா. ஒரு வரி நாலாய் முறிஞ்சு கிடக்குது. உதைப் பாட்டெண்டு ஆர் சொல்லுவினம்? சாமான் சிட்டை மாதிரியெல்லோ இருக்கு."

அவர் காட்டியது பொய்யன்று. எண்சீர் அடியொன்று ஒடுங்கிய திரையில் வந்து விழும்போது, கண்ட இடத்தில் ஒடிந்தது. ஒரு சீரின் தலை மேல்வரியிலும் உடல் கீழ்வரியிலுமாகக் கிடந்தன. அடி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அறிந்தவர்க்கே மயக்கம் வரும். பண்ணோடு ஓதுகிறவர் அந்த இடத்தில் மூச்சை எங்கே நிறுத்துவார்? அந்தக் காட்சி எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால், பாட்டு முறிகிறதென்றால் முறியாமல் நிறுத்த வழி தேடவேண்டும். பாட்டையே படமாக்கிச் சட்டத்துள் அடைப்பது வழியாகாது.

நான் இவ்வளவு பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் கரவெட்டியில் இருந்தாள். என் அக்கா. வயது எண்பதைக் கடந்துவிட்டது. கண்ணின் நடுப்பார்வை மங்கி, ஓரப்பார்வையாலேயே உலகைப் பார்க்கிறாள். கைத்தொலைபேசியில் எழுத்தை இயன்ற மட்டும் பெரிதாக்கி, ஒவ்வோர் எழுத்தும் புளியங்கொட்டை அளவு வந்த பிறகே வாசிப்பாள். காலையில் ஒரு பதிகம் ஓதாமல் தேத்தண்ணியை வாயில் வைக்கமாட்டாள். எழுத்தென்றால், பெருக்கப் பெருக்கத் திரையின் அகலத்துக்குள்ளேயே அது தன்னை அடுக்கிக்கொள்ளும். படம் அப்படியன்று. பெருக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே ஓடிவிடும். விரலால் இழுத்துத்தான் மீதியைப் பார்க்கவேண்டும். அவளுடைய விரல் நடுங்கும். வரியின் முடிவைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த வரியின் தொடக்கம் தொலைந்துபோகும். படம் ஏறும் நாளே அவள் ஓதுவதை நிறுத்தும் நாள் என்பது எனக்கு ஐயமின்றித் தெரிந்தது. அதைச் சபையிலும் சொன்னேன்.

"அக்காவுக்கு உதெல்லாம் மனப்பாடமாய் இருக்குந்தானே அண்ணை?" என்றார் செயலாளர்.

"சின்னனிலை படிச்சது மனப்பாடம். எங்கடை கோயில் பதிகங்கள் அச்சிலை வரேக்கை அவ கலியாணம் முடிச்சு உரும்பிராயை விட்டுப் போட்டா. பாத்துத்தான் ஓதுவா."

தலைவர் கைகாட்டிப் பேச்சை நிறுத்தினார். "சரி. கொடியேத்தத்துக்கு முன்னம் இன்னும் ரெண்டு கூட்டம் இருக்கு. எல்லாப் போனிலையும் பாட்டு ஒழுங்காய் நிக்குதெண்டு காட்டுங்கோ. இல்லாட்டிப் படம்தான்."

"எல்லாப் போனையும் எங்கை போய் வாங்கப் போறியள் அண்ணை?" என்று செயலாளர் கேட்க, சபை சிரித்தது. நானும் எழுந்து, சால்வையை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு போனும் வாங்கவேண்டியிருக்கவில்லை. கணினித் திரைக்குள்ளேயே ஒரு பொய்க் கைத்தொலைபேசியை எழுப்பலாம், சிமுலேட்டர் என்கிறார்கள். அதற்குள் ஓர் உலாவி, அதற்குள் எங்கள் தளம். அகலமான போன், ஒடுங்கிய போன், பழைய போன், புதிய போன் என்று வேண்டிய வடிவமெல்லாம் எடுக்கும். ஆயினும், கைச்சுட்டியால் ஒவ்வொன்றாகத் திறந்து, எழுத்தைப் பெருக்கி, பார்த்து, மூடி, மறுபடி திறப்பதென்றால் அதற்கு முடிவே இல்லை. தளத்தில் நூற்றுப் பதினாறு பக்கங்கள். ஆறு அளவுப் போன்கள். நான்கு அளவு எழுத்துகள். கணக்குப் போட்டுப் பார்த்தபோது, கொடியேற்றம் மட்டுமன்று, அடுத்த ஆண்டுக் கொடியேற்றமும் வந்து போயிருக்கும் என்று கண்டேன்.

அதனால் கட்டளை வரிக்குப் போனேன். கரிய சாளரம், அதில் துடிக்கும் ஒரு சிறு கோடு. அங்கே படமுமில்லை, பொத்தானுமில்லை. எழுதினால் செய்யும்; எழுதாவிட்டால் சும்மா இருக்கும். பலர் அதைக் கண்டு அஞ்சுகிறார்கள். தபாற் கந்தோரில் தந்திக் கருவியின் முன்னே என் வாலிபத்தைக் கழித்த எனக்கு அது பழகிய வீடாகவே பட்டது. வீண்சொல் இல்லாமல் சொல்லவேண்டும். மறுபுறத்தில் இருப்பவரின் முகம் தெரியாது. சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பதில் வரும்வரை காத்திருக்கவேண்டும். கட்டளைகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவை ஒவ்வொன்றுக்கும் தமிழிற் சுருக்கப்பெயர் இட்டேன். எழுப்பு, திற, பெருக்கு, அள, படமெடு. "இந்த வயதில் இது எதற்கு?" என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. எந்த வயதிற் செய்யலாம் என்று அவர்களும் சொல்லவில்லை.

முதலிற் பாட்டுகளைத் திருத்தினேன். ஒவ்வோர் அடியிலும் சீருக்குச் சீர் எல்லை குறித்தேன். திரை போதாவிட்டால் இரண்டு சீர்களுக்கு நடுவில் மட்டுமே வரி மடியவேண்டும். மடிந்த பகுதி கீழ்வரியில் சற்று உள்தள்ளி நிற்கவேண்டும். அப்போது உள்தள்ளி நிற்பது மேலடியின் தொடர்ச்சி என்றும், ஓரத்தில் நிற்பது புதிய அடி என்றும் கண் மங்கியவருக்கும் புலப்படும். காலைப் பூசை கண்டு வந்து, திருநீறு காயுமுன் கணினி முன்னே அமர்வேன். குறித்து முடிக்கப் பதினேழு நாள் சென்றன.

பிறகு, கணினி தானே வரிசையாகச் செய்துமுடிக்கக் கட்டளைப் பட்டியல் ஒன்றை எழுதினேன். போனை எழுப்பு, பக்கத்தைத் திற, எழுத்தைப் பெருக்கு, எந்தச் சீராவது நடுவில் முறிந்திருந்தால் 'முறிவு' என்றும் இல்லையேல் 'நன்று' என்றும் அளந்து எழுது, சாட்சிக்கு ஒரு படமெடு, அடுத்த பக்கத்துக்குப் போ.

பட்டியலில் இன்னுமொரு வரியும் இருந்தது. பிள்ளையார் காப்பு ஓதாமல் நான் எந்தப் பதிகத்தையும் தொட்டதில்லை. எங்கள் தளத்திலும் காப்புக்கென்று தனிப் பக்கம் உண்டு. நாலடி, குறுகிய அடிகள். ஒவ்வொரு பதிகத்தைத் திறக்குமுன்னும் அந்தக் காப்புப் பக்கத்தைத் திறக்கும்படி ஒரு கட்டளை சேர்த்தேன். ஓதப்போவது கணினியே ஆனாலும் முறை முறைதானே.

கணினி இரண்டு பகல் ஓடியது. முடிவில் வந்த பட்டியலில் முதலிலிருந்து கடைசிவரை நன்று, நன்று, நன்று. 'முறிவு' என்று ஒரு சொல் இல்லை. அதை அச்சிட்டு, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்த தலையோடு கூட்டத்துக்குப் போனேன். எடுத்த படங்களில் ஒன்றைக்கூட நான் திறந்து பார்க்கவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

தலைவர் தாளை வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே செயலாளர் தமது போனை எடுத்தார், எழுத்தைப் பெருக்கினார், நீண்ட சீர்களால் ஆன பதிகம் ஒன்றைத் திறந்தார்.

"அண்ணை, உதென்ன? சீர் ரெண்டாய்ப் பிளந்து கிடக்கு. உங்கடை தாளிலை உதுக்கும் நன்றெண்டு போட்டிருக்கு!"

தாளைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை.

வீட்டுக்கு வந்து படங்களைத் திறந்தேன். முதற் படத்தில் காப்பு. இரண்டாம் படத்தில் காப்பு. நூறாம் படத்திலும் அதே நாலடி, அதே பிள்ளையார். சிமுலேட்டரிடம் "பதிகத்தைத் திற" என்றால், "சரி" என்று உடனே பதில் சொல்லிவிடுகிறது; ஆனால் பதிகம் திரைக்கு வர இரண்டு மூன்று கணம் செல்கிறது. அந்த இடைவெளியில் என் கட்டளை ஓடிப்போய், அங்கே இன்னும் நின்றுகொண்டிருந்த காப்பையே அளந்திருக்கிறது. இரண்டு பகலும் அந்தக் கணினி பிள்ளையாரை மட்டுமே வழிபட்டிருக்கிறது. தந்திக் கந்தோரில், செய்தி ஏற்கப்பட்டது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அதை நானே மறந்தேன்.

மறுநாள் கோயில் வீதியிற் செயலாளரைக் கண்டபோது, நடந்ததை ஒளிக்காமற் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எல்லாப் போனிலையும் பிள்ளையார் மட்டும் நல்லாய் நிக்கிறார் எண்டு கண்டுபிடிச்சிருக்கிறியள்!"

"ஓம். அவர் எங்கையும் நல்லாய்த்தான் நிப்பார்."

"பகிடியை விடுங்கோ அண்ணை. உந்தக் காப்பு வரியைத் தூக்கிவிடுங்கோ. அதாலைதானே இவ்வளவு கரைச்சலும். மெஷினுக்கு என்னத்துக்குக் காப்பு?"

"மெஷினுக்கில்லை, எனக்கு. பிள்ளையாரிலை பிழையில்லை. அவர் எழும்பிப் போக முன்னம் அவசரப்பட்டு ஓடினது நான். அந்த வரியைத் தூக்கமாட்டன்."

"வெள்ளிக்கிழமை கடைசிக் கூட்டம். அதுக்குப் பிறகு படம்தான். யோசியுங்கோ."

"யோசிச்சாச்சு."

காப்பை நீக்கவில்லை; பதிகத்தைத் திறக்கும் கட்டளைக்குப் பின்னே ஒரு வரி சேர்த்தேன். பதிகத்தின் தலைப்பு திரையில் தோன்றியதை உன் கண்ணால் காணும்வரை பொறு என்பது அதன் பொருள். அந்தக் கட்டளைக்கு நான் இட்ட சுருக்கப்பெயர் 'பொறு'. மறுபடி ஓடவிட்டேன். இம்முறை கணினி உண்மையைச் சொன்னது. இருபத்து மூன்று பக்கங்களில் முறிவு. சீர் ஒன்றே திரையிலும் நீண்டு நின்ற இடங்கள் அவை. அத்தகைய சீர்களை, அசை முடியும் இடத்திலன்றி வேறெங்கும் மடியாதபடி குறித்தேன்; அந்த மடிப்பை முறிவென்று எண்ணாதே என்று அளக்கும் கட்டளைக்கும் சொன்னேன். அந்தப் பக்கங்களை மட்டும் மறுபடி ஓடவிட்டேன். ஏழு முறிவு. திருத்தினேன். ஓடவிட்டேன். வியாழக்கிழமை காலை எல்லாம் நன்றென்று வந்தது. நான் மகிழவில்லை. ஒவ்வொரு படமாகத் திறந்து, கண் எரிய எரிய, பார்த்து முடித்த பின்பே விளக்கேற்றப் போனேன்.

வெள்ளிக்கிழமை நான் தாள் கொண்டுபோகவில்லை. கூட்டத்தில் இருந்தபடி அக்காவின் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தேன்.

"அக்கா, உங்கடை போனிலை எங்கடை தளத்தைத் திறந்து வைச்சிருக்கிறியளே?"

"ஓமடா தம்பி. காலமை துவங்கித் திறந்து வைச்சுக்கொண்டெல்லோ இருக்கிறன். எது ஓத?"

"பொறுங்கோ," என்றார் செயலாளர். "பக்கத்தை நான் சொல்லுறன்." அன்று பிளந்து கிடந்த அதே பதிகத்தைச் சொன்னார். அதைத்தான் அவர் கேட்கவேண்டும் என்று நானும் வேண்டியிருந்தேன்.

அக்கா முதலிற் காப்பு ஓதினாள். நாலடியும் முடிந்து, பக்கம் மாறும்வரை பொறுத்தாள். பிறகு பதிகம் தொடங்கியது. குரல் மெலிந்திருந்தது, பண் மெலியவில்லை. எண்சீர் அடிகள் ஒன்றன்பின் ஒன்றாக, நிற்கவேண்டிய இடத்தில் நின்று, தொடரவேண்டிய இடத்தில் தொடர்ந்து வந்தன. நாலாம் பாட்டின் நடுவில் குரல் அறுந்தது. செயலாளர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆர் அங்கை கதைக்கிறது?" என்றாள் அக்கா. "ஓதேக்கை கதைக்கிறேல்லை எண்டு உங்கடை கோயிலிலை ஒருத்தரும் சொல்லித் தரேல்லையோ?"

உண்மையில் பின்வரிசையில் இருவர் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாயை மூடினார்கள். நாலாம் பாட்டை அவள் முதலடியிலிருந்து தொடங்கிக் கடைசிப் பாட்டுவரை ஓதி முடித்தாள்.

தலைவர் இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார். "எழுத்து எழுத்தாகவே நிக்கட்டும்."

"படத்தையும் ஒரு பக்கத்திலை போடுவம் ஐயா. வடிவாய் இருக்கும்," என்றார் செயலாளர்.

"தாராளமாய்ப் போடுங்கோ," என்றேன். "எழுத்திலை மட்டும் கை வையாதேங்கோ."

கொடி ஏறி, தேர் ஓடி, தீர்த்தமும் முடிந்துவிட்டது. புதிய போன்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் அகலம். மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலை ஓடவிடுகிறேன். காப்பு வரியை எடுத்துவிட்டால் பாதி நேரத்தில் முடியும் என்று செயலாளர் இப்போதும் சொல்வார்.

"மிச்சம் பிடிக்கிற நேரத்திலை நான் என்ன செய்ய?" என்று அவரைக் கேட்பேன். "பிள்ளையாரைக் கும்பிடத்தானே போறன்."