காரியதரிசி மாமாவின் ஸ்தூபம்

மாமா அன்று சாயங்காலம் தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். ஓட்டிக்கொண்டே வந்தால் வாசலுக்கு வாசல் நின்று சொல்ல முடியாதே. தலைத்துண்டு அவிழ்ந்து கழுத்தில் தொங்க, வேட்டியெல்லாம் கருங்கல் தூசியாக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு வீட்டின் முன்பும் நின்று, "ஸ்தூபம் கெடச்சிடுச்சி, நம்ம ஸ்தூபம்" என்று சொன்னார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி அவரை முந்திக்கொண்டு வந்துவிட்டது. அரிசி களைந்துகொண்டிருந்த அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலைக் கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னாள்.

அவர் என் அக்கா புருஷன். புளியந்தோப்பில் எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் காரியதரிசி. ஐம்பதுகளின் நடுவில் எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்கள் பௌத்தத்துக்கு மாறியிருந்தன. ஒரு வாடகை அறையில் புத்தர் படம் மாட்டி, பௌர்ணமிதோறும் கூடுகிற எங்கள் சிறிய சங்கத்துக்கு அவர்தான் காரியதரிசி. பகலில் அவருக்கு ராயபுரம் கடற்கரையில் வேலை. கடல் கரையைத் தின்றுகொண்டே வந்ததால் லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்தக் கல்லை இறக்கும் கூட்டத்தில் இருந்தார். நான் அப்போதுதான் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து, அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தேன். மாமாவுக்கு எதையும் நிதானமாகச் சொல்லத் தெரியாது. நெத்திலிக் குழம்பு வாய்த்துவிட்டால்கூட அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்கிற மனிதர். அவரிடம் போய் ஸ்தூபம் கிடைத்தால் கேட்கவா வேண்டும்.

விஷயம் இதுதான். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மலையடிவாரத்தில் கல் உடைத்து அனுப்புகிறார்கள். அங்கிருந்து வந்த லாரிக்காரர் பேச்சுவாக்கில், அந்த மலை உச்சியில் பெரிய பெரிய உருண்டைக் கற்களை யாரோ வட்டமாக நட்டு வைத்திருக்கிறார்கள் என்றும், அது எந்தக் காலத்தது என்று ஊரில் யாருக்கும் தெரியாது என்றும், பொழுது சாய்ந்தால் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது என்றும் சொல்லியிருக்கிறார். வட்டம் என்ற ஒரு வார்த்தை போதும் மாமாவுக்கு. பழைய பௌத்த ஸ்தூபம் வட்டமாகத்தானே இருக்கும்? மேலே இருந்தது இடிந்து, அடிக்கல் மட்டும் நிற்கிறது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். நேற்று மாறியவர்கள், உங்களுக்கு ஏது பழமை என்று பக்கத்துத் தெருக்காரர்கள் எங்களைச் சீண்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் வேறு என்ன இருக்க முடியும்? உண்மையைச் சொன்னால் எனக்கும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆனால் அதே வாரம் வீட்டுக்குள் இன்னொரு விஷயம் புகைந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை பிறந்து, ஓடியாடுகிற வயதில் காய்ச்சலில் போய்விட்டது. மூலக்கொத்தளம் சுடுகாட்டில்தான் புதைத்தோம். அங்கே ஒரு மழை பெய்தால் மண்மேடு கரைந்துவிடும். அடையாளம் போனால் அதே இடத்தில் வேறொருவருக்குக் குழி வெட்டிவிடுவார்கள். அதனால் அக்கா ரயில் பாதையோரம் கிடக்கிற கற்களை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு போய், மேட்டைச் சுற்றி வட்டமாக வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு. அவ்வளவுதான். சங்கத்திலோ சமாதி வழிபாடு கூடாது, படையல் கூடாது என்று மாமாவே மேடையேறிப் பேசுவார். காரியதரிசி வீட்டிலேயே இப்படி நடக்கிறதே என்று சங்கத்தின் பொருளாளர் கேட்டுவிட்டார். பொருளாளர் பொல்லாதவர் இல்லை, விதி என்றால் விதி என்கிறவர். ரோஷம் தாங்காமல் மாமா எல்லோர் முன்னிலும் வாக்குக் கொடுத்துவிட்டார்: மலைக்குப் போய்வந்த மறுநாள், தன் கையாலேயே அந்தக் கற்களை எடுத்துப் போட்டுவிடுவதாக. அக்காவிடம் அதைச் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கிளம்பினோம். ஆண்களும் பெண்களுமாக முப்பது பேர் இருப்போம். எல்லோரும் வெள்ளை உடுப்பு. பித்தளை அண்டாவில் புளிசோறு, இன்னொன்றில் வேகவைத்த கடலை. மாமா ஐந்து நிறப் பௌத்தக் கொடியை மூங்கிலில் சுற்றிக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில், தாம்பரத்தில் இறங்கிக் கரி ரயில். எங்களில் பாதிப்பேர் தாம்பரத்தைத் தாண்டியதே இல்லை. ஜன்னலோர இடத்துக்குப் பெரியவர்களே அடித்துக்கொண்டார்கள். மலைகள் தெரிய ஆரம்பித்ததும் மாமா ஒவ்வொரு மலையாகக் காட்டி, அதுவாக இருக்குமோ, இதுவாக இருக்குமோ என்று பெட்டியையே கலக்கினார். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு வெற்றிலை வியாபாரி, முன்பின் தெரியாதவர், நாங்கள் போகிற இடத்தைக் கேட்டுக்கொண்டு தானும் வரட்டுமா என்றார். அக்கா மட்டும் அண்டாவைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு பேசாமல் வந்தாள். சமையல் அவள் பொறுப்பு, அதனால்தான் வந்திருந்தாள்.

மலை என்று சொன்னாலும் பெரிய மலை இல்லை. ஆனால் எங்களைப் போலச் சமதரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதுவே இமயமலை. ஒரு பக்கம் கல் உடைத்து உடைத்து வெள்ளையாகக் கிழிந்து கிடந்தது. இன்னொரு பக்கம் ஆட்டுத்தடம். காரை முள் புடவையைப் பிடித்து இழுத்தது, கால் சறுக்கியது, மூச்சு வாங்கியது. ஆனாலும் உட்கார்ந்து போகலாம் என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. மாமா முன்னால் ஓடுவார், பின்னால் திரும்பி வந்து யாராவது கிழவிக்குக் கைகொடுப்பார், மறுபடி ஓடுவார். ஒரே மலையை நாங்கள் ஒரு முறை ஏறினோம், அவர் மூன்று முறை ஏறியிருப்பார்.

உச்சியில் திடீரென்று சமதரை வந்தது. காற்று முகத்தில் அறைந்தது. அங்கே அவை நின்றன. என் இடுப்பளவு உயரத்தில், ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில், உருண்டைக் கற்கள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஒரு பெரிய வட்டம். சுற்றிலும் வேறு கல்லே இல்லை. இவற்றையெல்லாம் யாரோ கீழேயிருந்து உருட்டியும் தூக்கியும் கொண்டுவந்திருக்க வேண்டும். கல்லை இறக்கிப் பிழைக்கிற மனிதர் என்பதால் மாமாவுக்கு அது உடனே உறைத்தது. ஒரு கல்லைத் தோளால் முட்டித் தள்ளிப் பார்த்தார். அது அசைந்துகூடக் கொடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. எனக்கும் உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை காலம் இது இங்கேயே நின்றிருக்கிறது, நாங்கள்தான் தெரியாமல் இருந்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது.

கொடியை விரித்தார்கள். கைகூப்பிக்கொண்டு, சரணம் சொல்லி, வட்டத்தை வலம் வந்தோம். மூன்று சுற்று என்று பேச்சு. யாருக்கும் நிறுத்த மனமில்லாமல் அதற்கு மேலும் சுற்றினோம். வெற்றிலை வியாபாரியும் எங்களோடு சுற்றினார். பிறகு நிழல் தேடியவர்கள் வட்டத்துக்குள் வளர்ந்திருந்த புதரை விலக்கினார்கள். அங்கே ஒரு குழி. புதையல் இருக்குமென்று ஊரார் யாரோ எப்போதோ தோண்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். குழிக்குள் பெரிய தாழி ஒன்று பாதி உடைந்து கிடந்தது. கறுப்பும் சிவப்புமாகச் சின்னச் சட்டிகள். தாழிக்குள் மண்ணோடு மண்ணாக எலும்பு. மெல்லிய, சின்ன எலும்பு. அதன் பக்கத்தில் சங்கில் அறுத்த ஒரு வளையல். பெரியவர்கள் கையில் அது மூன்று விரலைக்கூடத் தாண்டியிருக்காது.

எத்தனையோ பாடையைத் தூக்கிச் சுடுகாட்டுக்குப் போய்வந்த எங்கள் ஆட்களுக்குத் தெரியாதா அது என்ன இடம் என்று. கிழவிகள் இரண்டு பேர் கொடியைப் பார்த்தார்கள், புளிசோற்று அண்டாவைப் பார்த்தார்கள், மெல்லப் பின்வாங்கினார்கள். மாமாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தெரு முழுக்கச் சொல்லி, முப்பது பேரை ரயிலேற்றி அழைத்து வந்து, ஒரு புதைகாட்டைச் சுற்ற வைத்திருக்கிறார். பொருளாளர்தான் அவருக்கு வழி காட்டினார். நல்ல மனதோடுதான் காட்டினார். ஸ்தூபத்திலும் அஸ்திதானே வைப்பார்கள், இதையும் அப்படியே சொல்லிவிட்டால் யார் வந்து தோண்டிக் கேட்கப் போகிறார்கள் என்று அவர் காதோரம் சொன்னது எனக்குக் கேட்டது. மாமாவும் தலையை ஆட்டத் தொடங்கியதுபோல இருந்தது.

அக்கா அதற்குள் குழியின் விளிம்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். வளையலைத் தொடவில்லை. அதன்மேல் விழுந்திருந்த சருகை மட்டும் எடுத்துப் போட்டாள். பிறகு சுற்றியிருந்த கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே, யாரையும் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்:

"இவங்களும் கல்ல எடுத்துப் போட்டிருந்தா, இன்னிக்கி நீ எத்தப் பாக்க இம்மாம் பேர இட்டாந்திருப்பே?"

மாமா குழிக்குள் கிடந்த அந்த வளையலைக் குனிந்து பார்த்தார். காற்றில் கொடி மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது. பிறகு அவர் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார். கூட்டத்தில் பேசுகிற குரல் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வீட்டில் பேசுகிற குரல்தான் வந்தது.

"இது ஸ்தூபம் இல்ல. நான்தான் தப்பா சொல்லிட்டேன். யாரோ புள்ளைய பெத்தவங்க வெச்ச கல்லு இது."

இறங்கும்போது ஒரு கூத்து நடந்தது. மலையடிவாரத்தில் ஏரி. தீட்டு, துடக்கு எல்லாம் பொய் என்று சங்கத்தில் தீர்மானமே போட்டிருந்தோம். ஆனால் புதைகாட்டை மிதித்துவிட்டு அப்படியே வீட்டுக்குள் போக யாருக்கு மனசு வரும்? முதலில் ஒரு கிழவி, காலில் முள் என்று சொல்லித் தண்ணீரில் இறங்கினாள். இன்னொருத்தி வெயில் தாங்கவில்லை என்றாள். கொஞ்ச நேரத்தில் சங்கமே ஏரிக்குள் இருந்தது. பொருளாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுக்குப் போட்டார். கரையில் நின்று கண்டிக்க வேண்டிய காரியதரிசி, வேர்வை நாற்றம் தாங்கவில்லை என்று முனகிக்கொண்டே தானும் இறங்கினார். ஈரத்துணியோடு புளிசோறு தின்றோம். அவ்வளவு ருசியாக நான் அதற்குப் பிறகு எதையும் தின்றதில்லை.

திரும்பும் ரயிலில், தாம்பரம் வருவதற்குள் மாமா பழைய மாமாவாகிவிட்டார். ஸ்தூபமாக இருந்தால் புத்தருக்குப் பிறகுதான், இது அதற்கும் முந்தியதாக இருக்கலாம் இல்லையா என்று என்னைக் கேட்டார். இருக்கலாம் என்றேன். அவ்வளவுதான், பெட்டியில் இருந்த எல்லோருக்கும் அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். போன காரியம் ஆகவில்லை என்ற வருத்தம் கொஞ்சமும் இல்லை.

இப்போது அந்த மலையில் பாதி இல்லை என்கிறார்கள். மிச்சமிருக்கிற பாதியில் வேலி போட்டு, பெருங்கற்காலத்து ஈமச் சின்னம் என்று பலகை வைத்திருப்பதாகப் பேரன் போனில் படம் காட்டினான். மூலக்கொத்தளத்தில் எங்கள் குழந்தை இருந்த இடம் எது என்று இன்று என்னால் காட்ட முடியாது. அக்காவும் இல்லை, மாமாவும் இல்லை. படத்தில் அந்தக் கற்களைப் பார்த்ததும் எனக்கு மலை ஞாபகம் வருவதற்கு முன், மறுநாள் சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.

கல்லை எடுத்துப் போடுவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்த நாள் அது. வேலை முடிந்து நேராக மூலக்கொத்தளம் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அக்காவும் நானும் முன்பே போய் மேட்டருகில் நின்றிருந்தோம். முந்தின நாள் மலையில் அத்தனை பேர் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டவர்தான். ஆனாலும் சங்கத்தில் கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது. அக்கா விரலால் விரலை முறுக்கிக்கொண்டே நின்றாள். மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் கேரியரில் கோணிப்பை. அதன் கனத்தில் சைக்கிள் அப்படியும் இப்படியும் ஆடியது. பையை அவிழ்த்துக் கொட்டினார். கருங்கல். லாரியில் வந்த கல்லில் உடைசலாகக் கிடந்ததை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். அந்த மலையிலிருந்து வந்த கல்.

அக்கா வைத்திருந்த சின்னக் கற்களில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. அதற்கு வெளியே, முட்டி போட்டு, கையால் மண்ணைத் தோண்டி ஒவ்வொரு கல்லாக நட்டார். நட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார். வட்டம் போதவில்லை என்று பிடுங்கி இன்னும் அகலமாக நடுவார். அகலம் கூடக் கூட உற்சாகமும் கூடி, பக்கத்துச் சமாதியின் எல்லைக்குள்ளேயே புகுந்துவிட்டார். சுடுகாட்டு வெட்டியான் ஓடிவந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா காரியதரிசி, கோட்ட கட்டப் போறியா? மத்தவன்லாம் எங்க போய்ப் படுக்கறது?"

அக்கா சிரித்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். குழந்தையைப் புதைத்த நாள் முதல் அந்த இடத்தில் அவள் அழுதுதான் நான் பார்த்திருந்தேன். மாமா கையில் கல்லோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்து, அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.