நான் கேட்காமலே வளர்ந்த நரம்பு

கொதிக்கும் தேநீர்க் கோப்பை வலது கைச் சின்ன விரலைச் சுட்டது எனக்குத் தெரியவில்லை. கொப்புளத்தை மனைவிதான் கண்டாள். முன்கையில் போட்ட தையலைப் பிரித்து அப்போது இரண்டு வாரம்.

தையலின் கதை இது. நான் யாழ்ப்பாணத்துக்காரன், மாத்தளையில் அரசாங்க எழுதுவினைஞன் (குமாஸ்தா). சிங்களப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் வேலை நிலைக்காது என்று சுற்றறிக்கை வந்தது. வாசித்துவிட்டு அலுவலக அலுமாரிக் கண்ணாடியில் ஓங்கிக் குத்தினேன்; உடைந்த சில்லு முன்கையைக் கிழித்தது. பதினாறு வருடம் கோவைகளோடு (கோப்புகளோடு) மாரடித்தவனை மறுபடி அரிவரி எழுதச் சொன்னார்கள். இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அரச உடைமையை உடைத்தவன் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். அது அவனுடைய தனிக்கோவையில் ஏறிவிடும். அறையில் வேறு யாரும் இல்லை. கதவு காற்றில் அடித்து உடைந்தது என்று அலுவலகத்தில் சொன்னேன். வைத்தியரிடம் முள்ளுக்கம்பி கீறியது என்றேன். அவர் தோலைத் தைத்து அனுப்பினார். கண்ணாடி என்றிருந்தால் ஆழம் பார்த்திருப்பார். மேலதிகாரியிடம் என்ன பொய்யும் சொல்லுங்கள். காயம் பார்ப்பவரிடம் சொல்லாதீர்கள்.

சின்ன விரலும் மோதிர விரலும் மடங்கிக் கிடந்தன. வீம்பில் மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டுத்தான் கண்டிக்குப் போனேன்.

அங்கே சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு சிங்களவர். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தைப் பிடிக்கச் சொல்லி, இலேசாக இழுத்தார். காகிதம் அவரோடு போய்விட்டது. அல்னர் நரம்பு (முன்கையின் உட்புறமாக இறங்கிச் சின்ன விரலுக்குப் போவது) அறுந்திருந்தது. வெட்டித் திறந்து இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். மாதத்துக்கு ஓர் அங்குலம் வளரும் என்றார்.

பரீட்சையிலிருந்து தப்ப வீட்டில் மனைவி வேறு வழி கண்டுபிடித்தாள்.

"இஞ்சருங்கோ, இந்தக் கையாலை எழுதேலாதெண்டு டொக்டரிட்டை ஒரு கடிதம் வாங்குங்கோவன். ஏலாத மனுசனை எழுதெண்டு ஆர் கேக்கப்போறான்?"

அந்தப் பேச்சு எனக்குத் தேனாக இனித்தது. வெந்நீரில் விரல்களை விரித்துப் பழகச் சொல்லியிருந்தார்கள், விட்டுவிட்டேன். முத்துமாரியம்மன் சந்நிதியில் எல்லோரும் சுகம் கேட்டு நின்றார்கள். இந்த விரல்கள் இப்படியே கிடக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

நரம்பு தைத்த ஏழாம் மாதம் நிபுணரிடம் கடிதம் கேட்டேன். அவர் என் மணிக்கட்டுக்குக் கீழே உள்ளங்கையில் தட்டினார். மின்சாரம் பாய்ந்ததுபோல் சின்ன விரல் நுனிவரை சுளீரென்றது.

"நரம்பு உள்ளங்கைக்கு வந்துவிட்டது. குணமாகிற கையைச் செத்த கை என்று நான் எழுதமாட்டேன்" என்றார் ஆங்கிலத்தில்.

பிறகு விளக்கினார். விரலை அசைக்கும் உயிரணு (இயக்க நரம்பணு) முதுகுத்தண்டில் இருக்கிறது. கையில் அதன் இழை அறுந்த செய்தி அங்கே போய்ச் சேர்கிறது. அந்த அணு வீங்குகிறது; உள்ளமைப்பையே மாற்றிக்கொண்டு, தசைக்குக் கட்டளை அனுப்பும் அணு இழை வளர்க்கும் அணுவாகிறது. சில செத்துப்போகும். மிஞ்சியவை வளர்த்துக்கொண்டே இருக்கும். தசை மட்டும் நெடுநாள் காத்திருக்காது.

எனக்கு வெறுப்பாக இருந்தது. அவர்மேல் அல்ல, என் முதுகின்மேல். நான் வேண்டாமென்று கும்பிட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் அது உள்ளே தன் பாட்டில் வேலை செய்திருக்கிறது.

பதினான்காம் மாதம் சின்ன விரல் அசைந்தது. மோதிர விரலை விரிக்க நினைத்தால் சின்ன விரல் விரிகிறது. இழைகள் வழிமாறிப் போயிருக்கின்றன. நரம்பு அறுந்தால் உங்களுக்கும் அப்படி ஆகலாம், பயப்படாதீர்கள். எனக்கு அது சரியாகவில்லை.

பரீட்சையை எழுதினேன், சித்தியும் அடைந்தேன். மகிழ்ச்சி இல்லை. முடிவுக் கடிதத்தைக் கோவையிலிட ஒப்பம் வைத்தபோது, தலைமை எழுதுவினைஞர், மாத்தளைச் சோனகர் (முஸ்லிம்), பழைய ஒப்பத்தோடு வைத்துப் பார்த்தார்.

"இது ஒங்கட சைன் மாதிரி இல்லையே. ரெண்டும் ஒரே ஆள்தானெண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்க."

எழுத உட்கார்ந்தேன். இந்த அலுவலகத்தில் கூசாமல் பொய் சொன்னவன் நான். இரண்டும் நான்தான் என்ற அந்த ஒரு வரி பொய்யா மெய்யா என்று தெரியாமல், அதை எழுதி முடிக்க எனக்கு முற்பகல் முழுவதும் போயிற்று.