ருஸ்தெமின் இரண்டாயிரத்து முந்நூறு கல்யாணங்கள்

எண்பத்தொன்பதில் ஜெர்மனியிலிருந்து ஆட்டுக்குட்டி கனத்தில் ஒரு வீடியோ கேமராவைத் தோளில் சுமந்து வந்து இறங்கினான் ருஸ்தெம். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். பிறகு என் தங்கை நஸ்மியேயைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளையும் ஆனான். பேயா நகரத்துக்குப் போகும் சாலைக்கு இரண்டு பக்கமும் முப்பது வருஷத்தில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு மேல் அவன் எடுத்தவைதான். அவற்றில் பலவற்றில் நான் கீபோர்டு வாசித்திருக்கிறேன். படத்தின் ஒரு மூலையில், வியர்வை வழிய, யாரும் கவனிக்காத ஒரு ஆள் இருப்பான். அது நான்.

கேசட்டுகளின் காலம் முடிந்து கடையில் பூஞ்சை ஏற ஆரம்பித்ததும், சூரிச்சில் இருக்கும் மகள் ஒரு கணினியை அனுப்பி வைத்தாள். எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றச் சொன்னாள். இரண்டாயிரத்து முந்நூறு கேசட். ஏற்றுவதில் சிரமமில்லை, ஒரு முனையில் கேசட்டை ஓடவிட்டால் மறுமுனையில் கோப்பு விழுந்துவிடும். அதற்குப் பெயர் வைப்பதில்தான் ருஸ்தெம் கோட்டை விட்டான். ‘கல்யாணம்’, ‘கல்யாணம் புதுசு’, ‘கல்யாணம் புதுசு நல்லது’, ‘கல்யாணம் புதுசு நல்லது இதுதான்’ என்று வரிசையாக நாற்பது. தேதியாவது இருக்கிறதா என்று பார்த்தால், கேமரா கடிகாரத்தை அவன் ஒருநாளும் திருத்தி வைத்ததில்லை. ஆகஸ்ட் வெயிலில் முற்றம் முழுக்கத் தர்பூசணி தின்றுகொண்டிருக்கிறார்கள், படத்தின் அடியில் ‘ஜனவரி 1’ என்று ஓடுகிறது.

“ஏன் மாப்ள, ஒரு பொத்தானை அமுக்கறதுக்கு ஜெர்மனில சொல்லித் தரலையா?”

“உன் கீபோர்டுல மூணு பொத்தானைத் தவிர நீ எதைத் தொட்டிருக்க மச்சான்? சும்மா இரு.”

முதலில் கல்யாண மாப்பிள்ளையின் தகப்பன் பெயரில் அடுக்கினான். எங்கள் பக்கத்தில் கல்யாணம் தகப்பனுக்குத்தான் சொந்தம். ‘மெஹ்தியின் கல்யாணம்’ என்றால் மெஹ்தி மகனுடைய கல்யாணம், எல்லாருக்கும் தெரியும். ஒரு குளிர்காலம் முழுக்க இந்த வேலை நடந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆனால் தேடி வந்தவர்கள் யாரும் மாப்பிள்ளையைக் கேட்டு வரவில்லை, பெண்ணைக் கேட்டும் வரவில்லை. தொண்ணூற்றொன்பதில் நடந்த போரில் வீடுகள் எரிந்தபோது அலமாரியோடு போட்டோக்களும் எரிந்துவிட்டன. காணாமல் போனவர்கள் யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தால், அவர்கள் அசைவது உலகத்தில் அந்த ஒரு இடத்தில்தான் மிச்சம். ‘எங்க அப்பா தட்டு ஏந்திட்டு வருவாரு’, ‘எங்க அண்ணன் வாசல்ல நின்னு கார்க்காரன்கிட்ட சண்டை போட்டுட்டு இருப்பான்’ என்று வருவார்கள். ஆகவே ருஸ்தெம் அடுக்கியதைக் கலைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே யார் ஆடுகிறார், யார் பரிமாறுகிறார், எத்தனையாவது நிமிஷம் என்று எழுதினான். முகங்களைத் தானே பிரித்துக் கொடுக்கும் ஒரு செயலியை மகள் போட்டுக் கொடுத்தாள். அது மீசை வைத்த அறுபது பேரை ஒரே ஆளாக்கிவிட்டது. அந்த ஆள் நானூற்றுப் பன்னிரண்டு கல்யாணங்களுக்குப் போயிருந்தான்.

“ஊர்ல எவனும் கூப்பிடாத விருந்தாளி,” என்றேன். ருஸ்தெம் சிரிக்கவில்லை. அந்த அறுபது பேரில் ஒன்பது பேர் திரும்பி வராதவர்கள் என்றான். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

ஷ்குர்தெ அக்கா வந்தது ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை, சந்தை நாள். ஐம்பதைத் தாண்டிய வயது, கையில் வெங்காய நாற்றுக் கட்டு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“கல்யாணப் படமெல்லாம் வச்சிருக்கறது நீங்கதானா தம்பி?”

“ஆமாங்கக்கா. யாரோட கல்யாணம் வேணும்?”

“கல்யாணம் யாரோடதா இருந்தா என்ன. எனக்கு என் தம்பி வேணும்.”

தம்பி பெயர் ஸெனூன், தகப்பன் பெயர் ஹலீல். தொண்ணூற்றொன்பது வசந்தத்தில், ஊரை விட்டுச் சாலையில் நடந்துபோன கூட்டத்திலிருந்து சிப்பாய்கள் ஆண்களைத் தனியாகப் பிரித்தபோது அவனும் போனான். இருபத்திரண்டு வயது. எலும்பு கூட இன்னும் வரவில்லை. வீடு எரிந்ததில் ஒரு போட்டோவும் மிஞ்சவில்லை. முகச் செயலிக்குக் காட்டுவதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை.

“தொண்ணூத்தேழு ஆகஸ்ட்ல மெஹ்தி மாமா பையன் கல்யாணம். அன்னிக்குத்தான் அவன் முதல் தடவையா ஆட்டத்தை முன்னால நின்னு நடத்தினான். ஆம்பளைங்க ஒரு முற்றத்துல, நாங்க ஒரு முற்றத்துல, நடுவுல சுவரு. எனக்கு மேளச் சத்தம்தான் கேட்டுச்சு. சட்டைய நான்தான் தேச்சுக் குடுத்தேன். கையில சுத்தறதுக்கு என் சிவப்புக் கைக்குட்டையக் குடுத்தேன். மறுநாள் வந்து, ‘எப்படி ஆடினேன் தெரியுமாக்கா’ன்னு குதிச்சான். நான், போடா, பாத்திரம் மலையாக் கிடக்கு, அப்புறம் சொல்லுன்னேன்.”

“அப்புறம் சொன்னானா?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“எங்க கேட்டேன்,” என்றாள். “ஒரே ஒரு தடவ அவன் ஆடறதப் பாத்துட்டேன்னா போதும் தம்பி.”

பதினான்கு மெஹ்திகள் இருந்தார்கள். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் ஊருக்கு வருவது ஆகஸ்டில்தான் என்பதால் அந்த ஒரு மாதத்தில் மட்டும் ருஸ்தெம் அறுபத்தொரு கல்யாணம் எடுத்திருந்தான். தேதி கிடையாது. அந்த வருஷம் என் கீபோர்டுக்கு மஞ்சள் துணி போட்டிருந்தேன். அந்தத் துணியை வைத்து வருஷத்தைப் பிடித்தோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் கடைக்குப் போவேன். இரண்டு பேரும் உட்கார்ந்து கல்யாணம் கல்யாணமாகப் பார்ப்போம். செவ்வாய் தோறும் அக்கா எட்டிப் பார்ப்பாள். “இன்னிக்கு இல்லக்கா,” என்பான் ருஸ்தெம். “சரி தம்பி, வெள்ளாமை வேலை இருக்கு,” என்று போய்விடுவாள். இப்படிப் பதினோரு வாரம்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் காதில் ஹெட்போனோடு ருஸ்தெம் கையை உயர்த்தினான். படத்தில் பாடகர் மைக்கைப் பிடித்துக் கத்துகிறார்: ‘இப்போ ஆட்டத்தை நடத்தப் போறது நம்ம ஹலீல் மகன் ஸெனூன்!’ அதோடு படத்தை நிறுத்திவிட்டு போனை எடுத்துவிட்டான்.

“முழுசாப் பாத்துட்டுக் கூப்பிடு மாப்ள.”

“பேரே காதுல விழுந்துடுச்சு. இன்னும் என்ன பாக்கணும்? அந்த அக்கா முதல்ல பாக்கட்டும், நாம ஏன் முந்திக்கணும்?”

அவன் மனசு அப்படி. நானும் விட்டுவிட்டேன். அன்று அவன் கையைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டியவன் நான்தான்.

அடுத்த பஸ்ஸிலேயே அக்கா வந்துவிட்டாள். துணியில் சுற்றிய கீரை அடை சூடு ஆறாமல் இருந்தது. விசேஷத்துக்குக் கட்டும் தலைத்துணியைக் கட்டியிருந்தாள். அன்றுதான் முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ருஸ்தெம் படத்தை ஓடவிட்டான்.

பாடகர் பெயரைச் சொன்னார். மேளம் ஏறியது. ஆட்ட வரிசை அசைந்து வர, முன்னால் நிற்பவன் வலது ஓரத்தில் திரைக்குள் நுழைந்தான். அவன் தோள் தெரிந்த அதே நொடியில், வலது மேல் மூலையில் ஒரு பெரிய இளஞ்சிவப்பு இதயம் சுழன்று வந்து உட்கார்ந்தது. அதற்குள் மணப்பெண், கண்ணைத் தாழ்த்தியபடி.

அந்தக் காலத்து நாகரிகம் அது. ஜெர்மனியிலிருக்கும் சித்தப்பாமார்கள் மூன்று மணி நேரமும் பெண் தெரிய வேண்டும் என்பார்கள். பெண்ணோ உள்ளே பெண்கள் நடுவில் சிலையாக நிற்பாள். ஆகவே ஆண்கள் ஆடும்போது அவளை ஒரு இதயத்துக்குள் வைத்து மூலையில் ஒட்டிவிடுவான் ருஸ்தெம். எங்கள் ஆட்டத்தில் தலைமை ஆள் எப்போதும் வலது பக்கம்தான். இதயமும் எப்போதும் வலது பக்கம்தான். அப்போதெல்லாம் நாங்கள் அதைப் பார்த்து அழகு, அழகு என்று கைதட்டினோம்.

வெள்ளைச் சட்டை தெரிந்தது, தேய்த்த மடிப்போடு. சிவப்புக் கைக்குட்டை சுழன்றது. கால்கள் என்ன ஆட்டம் ஆடின! இத்தனை கல்யாணத்தில் வாசித்தவன் சொல்கிறேன், அப்படி ஆடியவர்கள் ஐந்தாறு பேர்தான். கழுத்துக்கு மேலே மணப்பெண். ஒரு கட்டத்தில் அவன் முட்டி மடக்கிக் கீழே இறங்கினான். இப்போது முகம் வெளியே வந்துவிடும் என்று நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். ஆனால் ருஸ்தெம் கெட்டிக்காரக் கேமராக்காரன். ஆடுகிறவன் இறங்க, கேமராவும் அவனோடு நேர்த்தியாக இறங்கியது. நான்கு நிமிஷம் இருபது நொடி. பிறகு கைக்குட்டையை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு வலது பக்கமாகவே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் இதயமும் சுழன்று மறைந்தது.

ருஸ்தெம் எழுந்துபோய் அலமாரியில் முதல் கேசட்டைத் தேடினான், வெட்டாத, ஒட்டாத மூலக் கேசட்டை. இருந்தது. அதன் முதுகில் இரண்டு பெயர் அடித்து மூன்றாவது எழுதியிருந்தது. நல்ல கேசட் கிடைக்காத வருஷம் அது. அடுத்த வியாழக்கிழமையே அதன்மேல் வேறு கல்யாணம் எடுத்துவிட்டான்.

அக்கா அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணு எனக்குத் தெரியும். இப்ப ஸ்டுட்கார்ட்ல இருக்கா. தினம் ஒரு போட்டோ அனுப்பறா, கேக்கு, நாய்க்குட்டின்னு. நல்லா இருக்கட்டும்.” பிறகு ருஸ்தெமைப் பார்த்துச் சொன்னாள்: “அவள கொஞ்சம் ஓரமா நகத்துங்க தம்பி.”

“பாக்கறேங்கக்கா,” என்றான். “கொஞ்ச நாள் ஆகும்.”

அவள் போனதும் நான் குதித்தேன். “என்னடா பாக்கப்போற? இதயத்துக்குப் பின்னால என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்ப அதைச் சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?”

மகளும் போனில் அதையேதான் சொன்னாள். மேலே போர்த்திய துணியாக இருந்தால் விலக்கலாம், இது ஒரே படம், அடியில் எதுவும் கிடையாது என்றாள். வேண்டுமானால் கணினியே ஒரு முகத்தை வரைந்து ஒட்டிக் கொடுக்கும் என்றாள். “யாரோ ஒருத்தன் மூஞ்சியக் கொண்டுவந்து அந்த அக்கா முன்னால ஆட விடறதா?” என்று ருஸ்தெம் போனை வைத்துவிட்டான். அன்று மாலையே இதயம் ஒட்டிய கோப்புகளைத் தனியாகப் பிரிக்க ஆரம்பித்தான். முந்நூற்று நாற்பது தேறியது. முந்நூற்று நாற்பது கல்யாணங்களில் ஆட்டத்தை நடத்தியவனுடைய தலையை இவன்தான் மறைத்திருக்கிறான். ‘யார் ஆடுகிறார்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டான்.

செவ்வாய்க்கிழமைகள் வந்தன. அக்காவும் வந்தாள். “நகந்துச்சா தம்பி?” என்பாள். “இன்னும் இல்லக்கா, பாத்துட்டே இருக்கேன்,” என்பான். அவளும் அவசரப்படுத்த மாட்டாள். ஒரு தடவை பிளம் பழம் கொண்டுவந்தாள், ஒரு தடவை மிளகாய் ஊறுகாய். அவன் ஒன்றையும் தின்னவில்லை. எல்லாம் மேசைக்கடியில் கிடந்தது.

அக்டோபரில் என் பொறுமை போய்விட்டது. இப்படி ஒரு மனுஷியை ஏமாற்றுவது பாவம், ஒரே வெட்டு வெட்டிவிட்டால் வலித்தாலும் தீர்ந்துவிடும் என்று அவனிடம் கத்தினேன். “உன்னால முடியலேன்னா நான் சொல்றேன், நீ பேசாம உக்காரு,” என்றேன். அவன் தலையை ஆட்டினான், நிம்மதி போல. அந்தச் செவ்வாய்க்கிழமை, சொல்ல வேண்டியதை மனதுக்குள் மூன்று தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டு நானே கதவருகில் நின்றேன்.

மழையில் நனைந்து வந்தாள். ருஸ்தெம் திரையிலிருந்து திரும்பவே இல்லை. அவள் என்னைத்தான் பார்த்தாள்.

“நகந்துச்சா?”

“அக்கா,” என்றேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. “கொஞ்சம் நகந்திருக்குக்கா.”

ருஸ்தெம் சட்டென்று திரும்பினான். அக்கா கையிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அவன் காது தெரியுதா?” என்றாள்.