கொட்டகலையில் ஒரு கப்பல் பொறியியலாளர்

கந்தப்பளையிலிருந்து லீக்ஸ் ஏற்றிவரும் லொறி மலையகத்துக் கொட்டகலையின் கடைத்தெருவில் நின்றால் கிருஷாந்தியும் நின்றுவிடுவார். அண்ணாந்து மூட்டைகளின் உயரத்தைப் பார்ப்பார். பிறகு சாரதியிடம், "அண்ணே, மேல இருக்கிறத கொஞ்சம் எறக்கிருங்க. வளைவுல சாஞ்சா நிமிராது" என்பார். சாரதிகள் சிரிப்பார்கள். சிலர் இறக்கியும் வைப்பார்கள்.

கப்பல்களுக்கும் அவர் இதே கணக்கைத்தான் பார்க்கிறார். கொழும்பிலுள்ள ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்துக்காக, மருந்துக்கடைக்கு மேலே ஒரு வாடகை அறையில் இருந்தபடி, சரக்குக் கப்பலும் கடற்படைப் படகும் அலையில் கவிழாமல் நிற்குமா என்று கணித்துச் சொல்கிறார். குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்டிருப்பார்; மேலாளர் தொலைபேசியில் அழைத்தால் மட்டும் கழற்றிவிடுவார், மரியாதைக்காம். கடல்தான் ஒத்துவராது. "கட்டிப் போட்ட கப்பல்ல ஏறினாலே எனக்கு வாந்திங்க" என்று கூச்சமில்லாமல் சொல்கிறார்.

அம்மா காளியாயி இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். மகள் படையினரின் படகுகளுக்கு வேலை செய்வது அவருக்கு உறுத்தல். "அவங்களுக்கு நீ எதுக்குடி கணக்குப் பாக்கணும்?" என்று ஒருநாள் கேட்டே விட்டார். "தண்ணியில விழுந்தா அவங்களும் புள்ளைங்கதானம்மா" என்றார் மகள். காளியாயி மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு ரோந்துப் படகின் மேல்தளத்தில் புதிய பீரங்கி பொருத்தும் திட்டம் வந்தது. பெரிய அலையில் சாய்ந்தால் படகு மீளாது என்றது கிருஷாந்தியின் கணக்கு. மேலாளர் பாலச்சந்திரன் யாழ்ப்பாணத்துக்காரர். கிருஷாந்தியை நம்பி வேலைக்கு எடுத்தவர். மற்ற எல்லோரும் சம்மதித்தாயிற்று, இந்த வேலை கைநழுவினால் நிறுவனத்தையே மூட வேண்டிவரும் என்று தொலைபேசியில் மன்றாடினார்.

"கொஞ்சம் விட்டுக்குடுக்க ஏலாதோ, பிள்ளை?"

"முடியாதுங்க சேர். முப்பது பேர் போற போட். நான் கையெழுத்து வைக்க மாட்டேன்."

அதன்பின் பல நாட்கள் அவரிடமிருந்து அழைப்பே இல்லை. வேலை போய்விட்டது என்றே கிருஷாந்தி நினைத்தார். கடைசியில் பாலச்சந்திரன் அழைத்து, படகுக்கே போய் நிரூபித்துக் காட்டச் சொன்னார்.

படகு நின்ற திருகோணமலைக்குக் கிருஷாந்தி போனார். எடைக்கட்டிகளைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்தவைத்து, படகு எவ்வளவு சாய்கிறது என்று அளந்தார். நடுவே ஓடிப்போய் வாந்தியெடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஆட்களை அசையாமல் நிற்கச் சொல்லும்படி படகின் கப்டனிடம் சிங்களத்தில் கேட்டுக்கொண்டார். விடை அவர் அஞ்சியதைவிட மோசமாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் படகில் சேர்ந்த பாரங்கள் எதுவும் வரைபடத்தில் இல்லை. புதிய பீரங்கி இல்லாமலே அது ஆபத்தான படகுதான். கப்டன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். போன மழைக்காலம் முழுக்க அவர் அதில்தான் கடலில் இருந்திருக்கிறார்.

பழைய பாரங்கள் கழற்றப்பட்டன. பீரங்கி கீழ்த்தளத்துக்கு இறங்கியது. வேலை தாமதமானாலும் நிறுவனத்தின் கையைவிட்டுப் போகவில்லை.

இதை எழுதுவதற்காக நான் கிருஷாந்தியைப் பார்க்கப் போயிருந்தபோது கப்டன் அனுப்பிய காணொளி வந்தது. திருத்திய படகின் முதல் பயணம். கணினித் திரையில் ஒரு பெரிய அலை எழுந்தது. படகு இடப்பக்கமாகச் சரிந்தது, இன்னும் சரிந்தது. கிருஷாந்தி உள்ளங்கையை விரித்துத் திரைக்குக் கீழே ஏந்தினார். படகு நிமிரும்வரை கையை எடுக்கவில்லை.