மிச்சம் பிடித்த ஒரு சொட்டு சீரம்

அறுபதுகளின் நடுப்பகுதி. பம்பாயில் மழை விடாமல் கொட்டிய ஒரு ஜூலை மாதம். நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், கிருமி பார்க்கும் லேபில் நான் டெக்னீஷியனாக இருந்தேன். வீடு மாட்டுங்காவில். காலையில் நனைந்த புடவையோடு ரயிலேறினால், அது உடம்பிலேயே காய்ந்து, சாயங்காலம் திரும்பும்போது மறுபடி நனையும். அந்த மாதத்தை நினைத்தால் இப்போதும் முதலில் வருவது அலுப்புதான்.

குழந்தைகள் வார்டில் ஒன்று மாற்றி ஒன்றாக வயிற்றுப்போக்கு. எட்டு மாதக் குழந்தை ஒன்று இறந்தே போய்விட்டது. மலத்திலிருந்த கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தோம். எல்லாக் குழந்தைகளிடமும் சால்மோனெல்லா. யார் மூலமாக உள்ளே வந்தது என்று பார்க்க, ஆயாக்கள், பெருக்குகிறவர்கள் எல்லோரையும் ஆளுக்கொரு டப்பாவில் மலம் கொண்டுவரச் சொன்னார்கள். டாக்டர்களையும் நர்ஸ்களையும் யாரும் கேட்கவில்லை. அது எனக்கும் அப்போது விசித்திரமாகப் படவில்லை.

அத்தனை பேரில் ஒருத்தியின் தட்டில்தான் கிருமி வளர்ந்தது. தாராவியிலிருந்து வரும் ஆயா. திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் பெண்; என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். குழந்தைகளுக்குப் பால் புகட்டுவது அவள் வேலை. வராந்தாவில் என்னைப் பார்த்தால் "அக்கா, சாப்ட்டியளா?" என்று கேட்காமல் போகமாட்டாள். நாள் முழுக்க இந்தியும் மராத்தியும் கேட்கிற இடத்தில் அந்த ஒரு கேள்வி எனக்கு வேண்டியிருந்தது.

சால்மோனெல்லா என்பது ஒரு கிருமி இல்லை. அதற்குள் எத்தனையோ வகை உண்டு. எந்த வகை என்று பார்க்கத் தனித்தனி சீரம் வேண்டும். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, கிருமியைக் கலந்து மெல்ல ஆட்டினால், சரியான வகையாக இருந்தால் பால் திரிவது போலத் திரியும். ஆனால் அந்தக் குப்பிகள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், லேசில் கிடைக்காது. அதனால் எங்கள் லேபில் ஒரு வழக்கம். எல்லா வகைக்கும் பொதுவான சீரத்தில் திரிந்துவிட்டால் போதும், சால்மோனெல்லா என்று எழுதி முடித்துவிடுவோம். தனி சீரங்கள் ஐஸ் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கும்.

இவளுடையதையாவது வகை பார்த்துவிடலாமா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. பெரிய டாக்டர் லீவில் இருந்தார். சீரத்தை எடுக்க அவருக்கு அடுத்தவரிடம் கேட்க வேண்டும். மதராசிகள் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்கமாட்டார்கள் என்று அந்த நாளில் ஆபீஸுக்கு ஆபீஸ் முணுமுணுப்பு. தன் ஊர்க்காரிக்குச் சலுகை காட்டினாள் என்று பெயர் வந்துவிடுமே என்று பயந்தேன். வேற்று ஊர்க்காரியாக இருந்திருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ. குழந்தைகளுக்கு எழுதியதையே அவளுக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். லேப் வாசலுக்கு வந்தாள்.

"பிள்ளைய நாந்தான் கொன்னேன்னு சொல்லுதாவக்கா. நீங்கதான பாத்திய, நெசமா?"

"ரிப்போர்ட்ல இருக்கறதுதாம்மா. நான் என்ன பண்றது?" என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, புதிதாக இரண்டு குழந்தைகளுக்கு அதே வயிற்றுப்போக்கு. அவள்தான் காரணம் என்றால் இது எப்படி வந்தது? அன்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து குப்பிகளை எடுத்தேன். சின்னக் குழாய்களில் வைத்திருந்த பழைய கிருமிகளையும் எடுத்தேன். குழந்தைகளுடையது எல்லாம் ஒரே சீரத்தில் திரிந்தது. இறந்த குழந்தையுடையதும் அப்படித்தான். அவளுடையது அதில் திரியவே இல்லை; வேறொரு சீரத்தில் திரிந்தது. அவளிடம் இருந்தது வேறு வகை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

லீவு முடிந்து வந்த பெரிய டாக்டர், சீரத்தைத் தொட்டதற்காக முதலில் சத்தம் போட்டார். பிறகு தானே ஒருமுறை செய்து பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினார். வார்டில் வந்த நோய்க்கு இந்தப் பெண் காரணம் இல்லை, மூன்று தடவை சோதித்துக் கிருமி இல்லையென்றால் வேலைக்கு வரலாம் என்று. பால் கலக்கும் பாத்திரங்களை வேகவைக்க உத்தரவு போட்ட பிறகு வயிற்றுப்போக்கு நின்றது. எங்கிருந்து வந்தது என்பது கடைசி வரை தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடிதத்தோடு நானே தாராவிக்குப் போனேன். மாட்டுங்காவிலிருந்து நடக்கிற தூரம்தான். அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அந்தப் பக்கம் போனதில்லை. அவள் வீட்டு வாசலிலேயே தண்ணீர்க் குழாய். எல்லோருடைய குடமும் வரிசையில் இருந்தது, அவள் குடம் மட்டும் தள்ளித் தனியாக இருந்தது.

கடிதத்தைப் படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எனக்கு வாசிச்சு என்னக்கா செய்ய? அந்தா நிக்காவளே, அவங்களுக்கு வாசிங்க," என்றாள்.

வாசித்தேன். "அப்பம் இவகிட்ட கிருமியே இல்லங்கியளா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இருந்தது. ஆனா குழந்தைங்களுக்கு வந்தது வேற," என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. "இந்தத் தெருவுல ஃபாத்திமா எத்தனை பேர்?" என்று கேட்டேன். நாலு பேராம். "ஒரு ஃபாத்திமா குடத்தை உடைச்சா நாலு பேரையுமா திட்டுவீங்க?" என்றதும் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி அவள் குடத்தை எடுத்து வரிசையில் வைத்தாள்.

அதற்குள் அவள் உள்ளே போய் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கிளாஸை நீட்டினாள். என் கை நின்றுவிட்டது. கொதித்த டீயில் ஒன்றும் இருக்காது என்று அங்கே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. ஆனாலும் கிளாஸைக் கழுவியது அவள் கைதானே என்று மனசு ஒரு கணக்குப் போட்டது. ஒரு விநாடிதான் இருக்கும். பிறகு வாங்கி அடி வரை குடித்தேன். ஆனால் குழாயடியில் இருந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். அவளும் பார்த்தாள்.

"பரவால்லக்கா," என்று சொல்லி, காலி கிளாஸை வாங்கிக்கொண்டாள்.

சோதனைக்கு அவள் வரவே இல்லை. மழை ஓய்ந்த பிறகு தேடிப் போனேன். வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள், அவள் எங்கே போனாள் என்று சொல்லத் தெரியவில்லை. சீரத்தை மிச்சம் பிடித்தது தப்பு, பயந்து கையெழுத்துப் போட்டது அதைவிடத் தப்பு. அவற்றுக்காவது அலுப்பு, வழக்கம், ஊர்ப்பேச்சு என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்வேன். அந்த டீயை உடனே கை நீட்டி வாங்கியிருக்கலாம், தயங்கியதற்கு மட்டும் இன்றுவரை என்னிடம் எந்தக் காரணமும் இல்லை.